பாலை மரத்து நீலியும் பூண்டுக்குப் பயந்த பிரபுவும்

சூரியநெல்லி, சின்னக்கானல், பூப்பாறைப் பக்கத்து வாசகர்களின் கடிதங்கள் இந்த முறை எல்லாமே ஒரே திசையில் வந்திருக்கின்றன. 'லோகா' படம் பார்த்த சூடு இன்னும் ஆறவில்லை போலும். எனவே இந்த இதழ் முழுக்க யட்சி, நீலி, இரத்தக்காட்டேரி, டிராகுலா.

'லோகா'வில் வரும் கள்ளியங்காட்டு நீலி மலையாளத்துப் பேயா, நம்ம ஊர்ப் பேயா?
(கல்லூரி மாணவி, சூரியநெல்லி)

கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவில் பக்கத்தில். திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் அவள் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்தாள். 1956-இல் மாநில எல்லை பிரித்தபோது ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, கதை இரண்டு பக்கமும் தங்கிவிட்டது. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணை, அவள் நம்பியவனே நகைக்காகக் கள்ளிச்செடியோரம் கொன்றுபோடுகிறான். அவள் நீலியாகப் பிறந்து வந்து பழி தீர்க்கிறாள்.

இதே கதைக்கு வடக்கே இன்னொரு வீடு உண்டு. அது திருவாலங்காட்டை அடுத்த பழையனூர். அங்கே மனைவியைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வருகிறான். நீலி ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வணிகன் உயிருக்குப் பயந்து கதறுகிறான். எழுபது வேளாளர்கள், "உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது. பிராம் ஸ்டோக்கர் டிராகுலாவை எழுதியது 1897-இல். வயதில் யார் மூத்தவர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் பட்டால் டிராகுலா எரிந்து சாம்பலாகிவிடுவார் என்கிறார்களே. அப்படியானால் எங்கள் ஊருக்கு அவர் வரவே மாட்டாரா?
(ஜீப் ஓட்டுநர், சூரியநெல்லி)

தாராளமாக வருவார் தம்பி. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். பகலில் சக்தி குறையுமே தவிர உயிர் போகாது. சூரிய ஒளி கொல்லும் என்ற விதியைப் போட்டது ஒரு சினிமா, 1922-இல் முர்னாவ் எடுத்த ஜெர்மானிய மௌனப் படமான 'நோஸ்ஃபெராட்டு'. அனுமதி வாங்காமல் நாவலைப் படமாக்கிவிட்டார்கள் என்று ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. சில பிரதிகள் தப்பின, அவற்றோடு அந்த விதியும் தப்பிவிட்டது. இன்று நாவலைப் படிக்காதவருக்கும் தெரிந்த விதி அது.

ஆகவே நாவலில் வரும் டிராகுலா, நீங்கள் விடியுமுன் கொழுக்குமலைக்கு ஏற்றிப்போகும் கூட்டத்தில் ஏறி உட்கார்ந்தால் சூரிய உதயம் பார்த்துவிட்டே இறங்கலாம். மேலே தேநீர் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்பார்.

பூண்டு?
(மளிகைக்கடைக்காரர், பூப்பாறை)

காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கிழக்கே கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் உண்டு. டிராகுலாவுக்கு நடுவில் இறங்க இடமில்லை.

யட்சி ஏன் பாலை மரத்தையே தேடிப்போகிறாள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சாந்தன்பாறை)

ஐயா, ஐப்பசி, கார்த்திகையில் ஏழிலைப்பாலை பூத்திருக்கும்போது ஒருநாள் இரவு அந்தப் பக்கம் நடந்து பாருங்கள், பதில் மூக்குக்கே தெரிந்துவிடும். பகலில் அடங்கிக் கிடக்கும் மணம் பொழுது சாய்ந்தபின் கிளம்பும். சிலருக்குக் கிறக்கம், சிலருக்குத் தலைவலி. மரம் எங்கே என்று தெரியாத இருட்டில், ஆளே இல்லாத வழியில், திடீரென்று பூ வைத்த பெண் பக்கத்தில் நிற்பதுபோல் மணம் வந்தால் தனியே போகிறவன் என்ன நினைப்பான்? ஒடித்தால் வெள்ளைப் பால் வடிவதும் சேர்ந்துகொண்டது. அந்த மரத்தின் பலகையில் பிள்ளைகள் எழுதிப் படித்தார்கள், அதனால் அதன் தாவரவியல் பெயரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் பூத்த ஒரே குற்றத்துக்காக மரத்துக்குப் பேய்ப்பெயர் நிலைத்துவிட்டது.

கேரளத்தில் பனையும் யட்சியின் வீடுதான். மயங்கிப் பின்னால் போனவனுக்கு அது மாளிகையாகத் தெரியும். மறுநாள் மரத்தடியில் நகமும் பல்லும் முடியும் மட்டும் கிடக்கும்.

யட்சி சுண்ணாம்பு கேட்பாளாமே. கொடுக்கலாமா?
(எஸ்டேட் தொழிலாளி, சின்னக்கானல்)

கடமற்றத்துக் கத்தனார் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் பூப்பாறை வழியாகப் போகும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையிலேயே மேற்கே இறங்கி, மூவாற்றுப்புழையைத் தாண்டினால் கடமற்றம். அங்கே இருந்த சிரியன் கிறிஸ்தவப் பாதிரியார் மந்திரவாதியும்கூட என்பது ஐதீகம். சுண்ணாம்பு கேட்டு ஆளை மயக்க வந்த யட்சியை அவர் இரும்பாணியால் கட்டிப்போட்டு, சாதாரணப் பெண்ணாக்கி வீட்டு வேலைக்கு வைத்துவிட்டார். ஒருநாள் அவள் தலையைக் கோதிவிட்ட கிழவியின் கையில் ஏதோ நெருடியது. "ஐயோ பெண்ணே, தலையில் ஆணியா!" என்று பதறிப் பிடுங்கினாள். அடுத்த கணம் யட்சி இல்லை. பிறகு அவள் பனையன்னார்காவில் குடியேறினாள் என்று முடியும் கதை.

கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுத்த 'ஐதிஹ்யமாலை' இப்படிப்பட்ட கதைகளின் களஞ்சியம். அதில் எனக்குக் கத்தனாரைவிட அந்தக் கிழவியைத்தான் பிடிக்கும். எதிரில் இருப்பது யட்சி என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் தலையில் ஆணி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

பழைய பங்களாக் கூரையில் வவ்வால் கூட்டம். இரத்தம் குடிக்கும் வகையா என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.
(வாசகி, தேவிகுளம்)

இல்லை அம்மா. இரத்தம் குடித்து வாழும் வவ்வால் உலகத்தில் மூன்றே வகை. மூன்றும் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரைக்கும்தான். நம் நாட்டில் பாழடைந்த கட்டடங்களிலும் குகைகளிலும் தொங்கும் ஒரு வவ்வாலுக்கு விலங்கியலாளர்கள் 'போலி இரத்தக்காட்டேரி' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள். அது பிடித்துத் தின்பது பூச்சி, தவளை, சுண்டெலி. செய்யாத குற்றத்துக்கு இங்கே இன்னொரு கெட்ட பெயர்.

உண்மையான இரத்த வவ்வாலைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஓர் இரவுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவான இரத்தம் போதும் அதற்கு. ஆனால் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து கிடைக்காவிட்டால் செத்துப்போகும். அதனால் வயிறு நிறைந்து திரும்பும் வவ்வால், பட்டினி கிடக்கும் தோழிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. முன்பு தனக்கு ஊட்டியவளை நினைவு வைத்துக்கொண்டு திருப்பி ஊட்டுகிறது. ஜெரால்ட் வில்கின்சன் என்ற ஆய்வாளர் 1984-இல் இதை வெளியிட்டார். டிராகுலாவின் கோட்டையில் இப்படி ஒரு பந்தி நடந்ததாகச் செய்தி இல்லை.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். வவ்வாலைக் கையால் தொடவேண்டாம், கடித்துப் போட்ட பழத்தைத் தின்னவேண்டாம். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்ததிலிருந்து கேரளம் கற்றுக்கொண்ட பாடம் அது. அதற்காகக் கூரையில் புகை போட்டு அவற்றை விரட்டவும் வேண்டாம்.

இரத்தக்காட்டேரி கண்ணாடியில் தெரியாதாம். நம் கதைகளில் இப்படி ஏதாவது சோதனை உண்டா?
(பத்தாம் வகுப்பு மாணவர், ராஜகுமாரி)

தமயந்தி சுயம்வரத்தை நினைத்துப் பார். நளன் உருவிலேயே நான்கு தேவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? தேவர்களுக்குக் கண் இமைக்கவில்லை, வியர்க்கவில்லை, மாலை வாடவில்லை, நிழல் விழவில்லை, கால் தரையில் பாவவில்லை. இவையெல்லாம் இருந்த ஒருவன் கழுத்தில் மாலையைப் போட்டாள். டிராகுலாவுக்கும் நிழல் விழாது, கண்ணாடியில் பிம்பம் தெரியாது. நம் மோகினிக்கும் கால் தரையில் படாது. தேவனோ பேயோ, மனிதன் இல்லை என்பதற்கு உலகம் ஒரே பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. தமயந்தி வேர்வையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். எனக்கு அது மிகவும் பிடித்த இடம்.

வீட்டுக்காரர் "உள்ளே வா" என்று சொன்னால்தான் இரத்தக்காட்டேரி வாசலைத் தாண்டுமா?
(இல்லத்தரசி, பூப்பாறை)

டிராகுலாவுக்கு அப்படி. ஒருமுறை அழைத்துவிட்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் வருவார். நம் பக்கத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இருந்தது. 1990-களில் கர்நாடகத்தில், இரவில் தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் திறக்கவைக்கும் ஒரு பேய் சுற்றுவதாக வதந்தி. ஜனங்கள் கதவில் 'நாளே பா', நாளைக்கு வா, என்று எழுதிவைத்தார்கள். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்தாலும் அதே எழுத்து. ஆந்திரத்திலும் இதே வழக்கம் பரவியது. 2018-இல் வந்த இந்திப் படம் 'ஸ்த்ரீ' இந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டதுதான். அங்கேயும் கூப்பிட்டுக்கொண்டு வருபவள் பெண் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளமும் இரத்தக்காட்டேரியா?
(வாசகர், போடிநாயக்கனூர்)

ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் ஆங்கிலத்தில் சொன்னபோது அப்படித்தான் தலைப்புப் போட்டார். பிணத்துக்குள் புகுந்து மரத்தில் தலைகீழாகத் தொங்குவதைத் தவிர இருவருக்கும் உறவு கிடையாது. முருங்கை மரத்து வேதாளம் இரத்தம் கேட்கவில்லை, பதில் கேட்டது. இந்தப் பக்கத்தை எழுதுகிறவனுக்கு அது குலதெய்வம் மாதிரி.

ஐரோப்பாவில் உண்மையாகவே கல்லறையைத் தோண்டி ஆப்பு அடித்தார்களா?
(செவிலியர், அடிமாலி)

அடித்தார்கள், அரசு அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கவே அடித்தார்கள். 1725-இல் இன்றைய செர்பியாவிலுள்ள கிசிலோவா என்ற கிராமத்தில் பீட்டர் புளோகோயோவிட்ஸ் என்ற விவசாயி இறந்தார். அவருக்குப் பின் எட்டே நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். அவர்தான் வந்து கழுத்தை நெரிக்கிறார் என்று ஊரே சொன்னது. தோண்டிப் பார்த்தால் உடல் கெடவில்லை, வாயோரம் இரத்தம், பழைய தோல் உரிந்து புதுத்தோல், புது நகம். ஆப்பு இறக்கி எரித்துவிட்டார்கள். அந்த அதிகாரியின் அறிக்கை வியன்னாவுக்குப் போய்ச் செய்தித்தாளில் வந்தது. 1732-இல் இராணுவ மருத்துவர் ஒருவரின் இரண்டாவது அறிக்கை, அதே செர்பியாவின் மெட்வேஜா கிராமத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவின் படித்த வர்க்கம் முழுவதும் இதையே பேசியது. நம் நீலியைக் கதைப்பாட்டாகப் பாடினார்கள் என்றால், அவர்கள் இரத்தக்காட்டேரிக்கு அலுவலகக் கோப்பு திறந்தார்கள்.

நீங்கள் செவிலியர் என்பதால் மருத்துவப் பக்கமும் சொல்கிறேன். பால் பார்பர் 1988-இல் எழுதிய நூல் அந்த அறிக்கைகளை வரிவரியாக எடுத்து விளக்குகிறது. குளிர் மண்ணில் உடல் மெதுவாகத்தான் அழியும். குடலில் வாயு சேர்ந்து வயிறு உப்பும், பார்க்கிறவனுக்குக் குடித்துக் கொழுத்ததுபோல் தெரியும். அந்த அழுத்தத்தில் கருத்த திரவம் வாய்வழி வரும். மேல்தோலும் நகமும் கழன்று விழ, அடியில் இருப்பது புதிதாகத் தெரியும். ஆப்பு இறங்கியதும் பிணம் முனகியதே என்பார்கள். உள்ளே இருந்த காற்று தொண்டை வழியே வெளியேறிய சத்தம் அது. தொற்றுநோயில் ஒரே வீட்டார் அடுத்தடுத்துச் செத்ததற்கு யாரையாவது கைகாட்ட வேண்டியிருந்தது, முதலில் செத்தவர் மாட்டிக்கொண்டார். அமெரிக்காவிலும் 1892-இல், ரோட் தீவு மாநிலத்தில், காசநோயில் இறந்த 19 வயதுப் பெண்ணின் உடலைத் தோண்டி இதயத்தை எரித்து, நோயாளி அண்ணனுக்கு அந்தச் சாம்பலைக் கரைத்துக் கொடுத்தார்கள். அவனும் பிழைக்கவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1882-இல், காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்திருந்தார்.

ஆஸ்திரியாவின் அரசி மரியா தெரேசா 1755-இல் தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆலோசனையைக் கேட்டுக் கல்லறை தோண்டுவதைத் தடைசெய்தார். ஒரு மருத்துவர் சொன்னதை ஓர் அரசி கேட்டதால் எத்தனையோ பிணங்கள் நிம்மதியாகக் கிடந்தன.

வெறிநாய்க்கடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன்.
(மருந்துக்கடை ஊழியர், ராஜாக்காடு)

ஸ்பெயின் நாட்டு நரம்பியல் மருத்துவர் ஹுவான் கோமஸ் அலோன்சோ 1998-இல் முன்வைத்த கருத்து அது. கடித்தால் பரவுவது, தூக்கம் கெட்டு இரவில் அலைவது, ஒளியும் கடும் நெடியும் தாங்காமல் துடிப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது என்றார். கதையின் பிறப்புக்கு அது ஒன்றே காரணமாக இருக்க முடியாது, ஆனால் ஒரு பங்கு இருக்கலாம். கதையை விடுங்கள். நாயோ பூனையோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி போட வேண்டும். நோய்க்குறி தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. உங்கள் கடையில் இதை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள்.

எங்களுக்கு டிராகுலாவைவிட அட்டைதான் பெரிய தொல்லை!
(கொழுந்து பறிக்கும் அக்கா, சூரியநெல்லி)

அக்கா, டிராகுலா தோற்றுப்போகிற இடம் அது. வலிக்காமல் கடிப்பது, இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது, குடித்து முடித்ததும் தானே விழுவது என்று அட்டையின் தொழில் சுத்தமானது. உறையவிடாமல் செய்வது அதன் எச்சில். 1884-இலேயே அதைக் கண்டுபிடித்தார்கள். நம் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் கெட்ட இரத்தம் எடுக்க அட்டை விட்டதெல்லாம் அதற்கும் வெகுகாலம் முன்பு. 2004-இல் அமெரிக்க அரசே மருத்துவ அட்டைக்கு அனுமதி கொடுத்தது. அறுந்த விரலைத் தைத்து ஒட்டிய இடத்தில் இரத்தம் தேங்கினால் உறிஞ்சி எடுக்க அது உதவுகிறது. உங்கள் உப்பும் புகையிலையும் உங்களுக்கு, அது வேறு விஷயம்.

இரத்தம் உறிஞ்சுவது பேய் மட்டுமா?
(தொழிற்சங்க உறுப்பினர், மூணாறு)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. முதலாளித்துவத்தை இரத்தக்காட்டேரிக்கு ஒப்பிட்டவர் கார்ல் மார்க்ஸ். வால்பாறைத் தோட்டங்களில் கங்காணிகள் கொண்டுவந்து தள்ளிய தமிழ்க் குடும்பங்கள் மலேரியாவிலும் கடனிலும் அழிந்ததை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் நாவலாக எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தெருவில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமை என்ற அமைப்பின் தோட்டத் தொழிலாளிப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 20 சதவீதப் போனஸை வாங்கினார்கள். ஒரு கத்தனாரும் தேவைப்படவில்லை.

ஏன் எல்லாப் பேயும் பெண்ணாகவே இருக்கிறது? டிராகுலா ஆண்தானே?
(முதுகலை மாணவி, தொடுபுழை)

டிராகுலா பிரபு. கோட்டையும் நிலமும் பரம்பரையும் உள்ளவன். அவனுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம். நம் நீலியிடம் ஒன்றுமில்லை. இருந்த நகையையும் உயிரையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் வருவது கணக்குத் தீர்க்க. பிரசவத்தில் செத்தவள், ஏமாற்றப்பட்டவள், கட்டியவனே கொன்றவள், இப்படி நம் பேய்களின் வரலாற்றைத் தோண்டினால் பெரும்பாலும் ஒரு குற்றம் கிடைக்கிறது. குற்றவாளி பெயர் மறந்துபோகிறது, செத்தவள் பெயர் பேய்ப்பெயராக நிற்கிறது. பொய்யாக அழுவதை நீலிக்கண்ணீர் என்கிறோம். அவளைக் கொன்றவன் பெயரில் நம்மிடம் ஒரு பழமொழிகூட இல்லை. நான் அந்தச் சொல்லை எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் ஆப்பு அடித்தார்கள் என்றால் நம்மவர்கள் படையல் போட்டார்கள். முப்பந்தலில் அதே பெண் இசக்கியம்மன். குழந்தை வேண்டி அவளிடமே போய் நிற்கிறார்கள். யட்சியே மூலத்தில் பயமுறுத்துபவள் இல்லை. சமணத்தில் அம்பிகையும் பத்மாவதியும் தீர்த்தங்கரர்களுக்குக் காவல் நிற்கும் யட்சிகள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யில் நடப்பது இன்னும் வியப்பு. உயிர்ப்பலி வேண்டாம், மண்ணால் செய்த உருவத்தைக் காளிக்குக் கொடுங்கள் என்று ஒரு சமண முனிவர் ஜனங்களுக்குச் சொல்கிறார். அவரைப் பயமுறுத்தி விரட்ட நீலியை அனுப்புகிறாள் காளி. வந்த நீலி முனிவரிடம் அறம் கேட்டு மாறிவிடுகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பிற சமய அறிஞர்களோடு வாதிட்டு வெல்கிறாள். இரத்தம் கேட்டு வந்தவள் தத்துவம் பேசுகிறாள்! அந்தத் திருவாலங்காட்டுக்கே வந்துசேர்ந்த இன்னொரு பெண், கணவன் விலகிப்போனபின் அழகை உதறிவிட்டுப் பேயுருவைத் தானே கேட்டு வாங்கினாள். காரைக்கால் அம்மையார். அவரைச் சிவன் "அம்மையே" என்று அழைத்தாராம்.

எங்கள் குலதெய்வம் காட்டேரியம்மன். சொன்னால் கிண்டல் செய்கிறார்கள்.
(வாசகி, சின்னக்கானல்)

கிண்டல் செய்கிறவர்களிடம் சொல்லுங்கள்: தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்கள் கரீபியன் வரைக்கும் கூட்டிப்போன தெய்வம் அவள். கயானாவிலும் டிரினிடாடிலும் இன்றும் பூசை நடக்கிறது. கர்ப்பிணியின் இரத்தத்தைக் குடிப்பாள் என்று பயந்தவர்களே, பிள்ளையைக் காப்பாற்று என்று அவளிடம் கேட்டார்கள். பிரசவம் என்றால் பாதி சாவு என்றிருந்த காலத்துப் பெண்கள் கண்டுபிடித்த தைரியம் அது.

மலம்புழா அணையில் இருக்கும் யட்சி சிலையை வைத்தது யார்?
(சுற்றுலா வழிகாட்டி, பாலக்காடு)

கானாயி குஞ்ஞிராமன், 1969-இல். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர். முப்பதடி உயரம், மலையைப் பார்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆடையில்லாத பெண். எதிர்ப்பு பலமாக வந்தது, சிலை அசையவில்லை. மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி' நாவல் 1967-இல், அதன் திரைப்படம் 1968-இல், இந்தச் சிலை அடுத்த ஆண்டில். மூன்றே ஆண்டில் அவள் மரத்தைவிட்டு இறங்கி நூலகத்துக்கும் தியேட்டருக்கும் தோட்டத்துக்கும் வந்துவிட்டாள்.

கடைசியில் டிராகுலாவை எப்படிக் கொன்றார்கள்? மார்பில் ஆப்பு அடித்துத்தானே?
(வாசகர், கம்பம்)

இல்லை. நாவலில் ஆப்பு லூசி முதலான பெண்களுக்குத்தான். டிராகுலாவுக்கு இரண்டு கத்தி. ஒன்று அமெரிக்கன் கையில், நெஞ்சில் இறங்கியது. கழுத்தை அறுத்தது ஆங்கிலேய வக்கீல் கையிலிருந்த குக்ரி, கூர்க்காக்களின் வளைகத்தி. ஐரோப்பாவின் மிகப் பிரபலமான இரத்தக்காட்டேரியின் கதையை முடிக்க இமயமலையடிவாரத்திலிருந்து ஆயுதம் போக வேண்டியிருந்தது.

யட்சிக்கு இரும்பு ஆகாது. எங்கள் லயத்துப் பெண்களோ இரும்புச்சத்து மாத்திரையைக் கண்டாலே ஓடுகிறார்கள். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.
(ஆஷா பணியாளர், சூரியநெல்லி)

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிக முக்கியமானது உங்களுடையது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நூற்றில் ஐம்பத்தேழு பேரின் இரத்தத்தை எந்தக் காட்டேரியும் குடிக்கவில்லை. மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், கொக்கிப்புழு, தனக்கென்று எடுத்துவைக்காத சாப்பாடு என்று அது போன வழிகள் வேறு.

மாத்திரை குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சத்து நன்றாக ஏறும். தோட்டத்துப் பெண்களுக்கு மிகவும் அவசியமானது இது: மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. தேநீரில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் தேநீருக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் கட்டன் சாயா இல்லாமல் மலையேற முடியாது என்பார்கள். அவர்களுக்கு மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக் கொடுங்கள்.